யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: கம்பஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முன்பக்கத்து இரண்டு அறைகளையும் அம்மா காலத்திலிருந்தே மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்து வருகிறோம். நானும் அங்கே கலைப்பீடத்தில் படித்தவன்தான். உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வெளியானதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அறை பார்க்க வரும் பெற்றோரும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் படலையில் நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தை ஏன் எல்லாரும் ‘கம்பஸ்’ என்கிறார்கள்?

தொடங்கியபோது அது கம்பஸாகத்தான் இருந்தது. 1970களில் இலங்கை முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகம். பேராதனை, கொழும்பு எல்லாம் அதன் வளாகங்கள். அந்த வரிசையில் யாழ்ப்பாண வளாகத்தை 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா திறந்து வைத்தார். 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமானது. பெயர்ப்பலகை மாறியது, ஊரின் வாய் மாறவில்லை. 2024இல் பொன்விழா கண்ட பிறகும் பஸ்ஸில் ஏறி “கம்பஸடி இறக்கம்” என்றுதான் சொல்கிறோம்.

அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

பரமேஸ்வராக் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் சைவப் பிள்ளைகளுக்காகக் கட்டிய ஆண்கள் பாடசாலை. பெண்களுக்கு அதற்கு முன்பே, 1913இல், மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். பல்கலைக்கழகம் வந்தபோது பரமேஸ்வராவின் கட்டடங்களும் காணியும் அதற்குப் போயின, கல்லூரி இல்லாமல் போனது. சந்திக்கு இன்றும் பரமேஸ்வராச் சந்தி என்றே பெயர். உள்ளே இருக்கும் பரமேஸ்வரன் கோயிலும் அந்தக் காலத்து ஞாபகம்தான். வெள்ளிக்கிழமைப் பூசை நேரத்தில் போனால், பரீட்சை நுழைவுச்சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கண்மூடி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பரமேஸ்வராவின் பழைய மாணவர் சிலருக்குத் தங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டது என்ற மனக்குறை கடைசிவரை இருந்தது. அது நியாயமான மனக்குறை என்றே எனக்குப் படுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் ஏறித்தான் இந்தப் பல்கலைக்கழகம் நிற்கிறது.

1974 வரை ஏன் வடக்கில் பல்கலைக்கழகம் இல்லை?

கேட்கவில்லை என்பதல்ல. 1950களிலிருந்தே தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் இருந்தது. ஆனால் அதை எங்கே அமைப்பது என்பதில் நமக்குள்ளேயே இழுபறி. தமிழரசுக் கட்சியார் திருகோணமலை என்றார்கள், வேறு சிலர் யாழ்ப்பாணம் என்றார்கள். அந்த வாக்குவாதத்தில் நிறைய வருடம் போயிற்று.

அப்புறம் தரப்படுத்தல் வந்தது; பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு மொழி வேறு வெட்டுப்புள்ளி வைக்கும் முறை. 1971இல் மருத்துவத்துக்குத் தெரிவாக 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். ஒரே பரீட்சைக்கு இரண்டு அளவுகோல். அந்த 21 புள்ளிக்குள் எத்தனை வீட்டுக் கனவு விழுந்தது என்று எங்கள் அம்மாவின் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கொதிப்பின் நடுவில்தான் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அதனால் அன்றைக்கு அதை முழு மனதோடு வரவேற்காதவர்களும் இருந்தார்கள்.

கைலாசபதி கலையரங்கு என்கிறார்களே, அவர் யார்?

வளாகத்தின் முதல் தலைவர். பேராசிரியர் க. கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர், தமிழ் இலக்கியத் திறனாய்வின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர். 1977 வரை பொறுப்பில் இருந்தார். 1982இல், 50 வயதைத் தொடுமுன்பே காலமானார்.

தனிப் பல்கலைக்கழகமான பிறகு வந்த முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன். பேராதனையில் இருந்தபோது ஊர் ஊராகப் போய்க் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடி, நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர். கார்த்திகேசு சிவத்தம்பி, கா. இந்திரபாலா போன்றவர்களும் இங்கே படிப்பித்தார்கள். ஒரு சின்ன ஊரின் பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் இத்தனை பேர் இருந்தது பெரிய கொடை.

எல்லாப் பீடமும் ஒரே இடத்திலா?

இல்லை. அறை எடுக்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகியவை திருநெல்வேலிப் பிரதான வளாகத்தில். விஞ்ஞானம் தொடக்கத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் இடத்தில் நடந்து, பிறகு இங்கே வந்தது. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில், நடந்தே போகலாம். இசையும் நடனமும் மருதனார்மடத்தில், சித்த மருத்துவம் கைதடியில்.

பொறியியல், விவசாயம், தொழினுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். யாழ்ப்பாணத்திலிருந்து அது கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். “யாழ் கம்பஸ்தானே” என்று எங்கள் வீட்டில் முற்பணம் கட்டிவிட்டு, கடிதம் வந்த பிறகு தலையில் கை வைத்த ஒரு பொறியியல் பிள்ளையின் அப்பாவை எனக்குத் தெரியும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், அது வேறு கதை.

விவசாய பீடத்தின் பயணம் தனி. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது, போர் அதை யாழ்ப்பாணத்துக்கு விரட்டியது, போர் முடிந்த பிறகு மறுபடி கிளிநொச்சிக்குப் போனது. பொறியியல் பீடம் 2010களில்தான் வந்தது. அறிவியல் நகரில் இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது வெளிதான்: யாழ்ப்பாணத்து நெருக்கம் இல்லாத, வன்னியின் பரந்த வெளி.

வவுனியா வளாகம் இதோடு சேர்ந்ததா?

முன்பு. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனியாக நிற்கிறது.

போர்க்காலத்தில் மூடிவிட்டார்களா?

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. மூடியது, திறந்தது, இடம்பெயர்ந்தது, திரும்பி வந்தது.

1987 ஒக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, புலிகளின் தலைமையைப் பிடிக்கவென்று இந்திய இராணுவம் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டரில் படையிறக்கியது. புலிகள் காத்திருந்தார்கள். சீக்கிய காலாட்படைப் பிரிவிலிருந்து இறங்கிய 30 பேரில் 29 பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த மோதலில் அயலில் இருந்த சனமும் செத்தது. பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த அயலை விட்டுவிடுகிறார்கள். கம்பஸுக்கு மதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கம்பஸுக்கு நடந்தது எதுவும் மதிலோடு நின்றதில்லை.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. எங்கள் முன்னறையில் இருந்த அண்ணாமார் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் செருகிய திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடுவது. போத்தல் கண்ணாடிதான் சிமினி. ஒரு விளக்கைச் சுற்றி நான்கு கொப்பி. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் மிதியைச் சுற்றுவார், டைனமோவிலிருந்து ரேடியோ பாடும். காலையில் மூக்கைச் சீறினால் கரிதான் வரும்.

அந்தக் காலத்துத் துணைவேந்தர் அ. துரைராஜா. 1988 முதல் 1994 வரை பொறுப்பில் இருந்தவர். மண் பொறியியல் படிப்பவர்களுக்கு உலகெங்கும் அவர் பெயர் தெரியும். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் களிமண்ணின் இயல்பு பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை அந்தத் துறைக்கே ஓர் அடித்தளம். அவர் எங்கேயும் போயிருக்கலாம். எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வந்து போய்ப் பல்கலைக்கழகத்தை நடத்தினார். 1994இல் காலமானார். இந்த ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர் யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

1995 ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே எழுந்து நடந்த நாள். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி இலட்சக்கணக்கான சனத்தோடு மாணவரும் விரிவுரையாளரும் போனார்கள். நாங்களும் கதவைப் பூட்டிவிட்டுப் போனோம். பூட்டு எதற்கு என்று அப்பா கேட்டதும், அம்மா பதில் சொல்லாமல் திறப்பை முந்தானையில் முடிந்ததும் எனக்கு ஞாபகம். திரும்பி வந்தபோது கதவே இல்லை. ஊர் திரும்பத் திரும்ப, பல்கலைக்கழகமும் உடைந்த கட்டடங்களுக்குள் மறுபடி தொடங்கியது.

ரஜனி திராணகம இங்கே படிப்பித்தவரா?

ஆம். மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அரசு, இந்திய இராணுவம், ஆயுத இயக்கங்கள் என்று யார் செய்த அநியாயத்தையும் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பீடத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது 35 வயது. புலிகளே செய்தார்கள் என்று அவரோடு பணியாற்றியவர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவ பீடத்துக்கு வரும் பிள்ளைகள் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

உள்ளே இருக்கும் முள்ளிவாய்க்கால் தூபியை இடித்தார்களே, இப்போது இருக்கிறதா?

இருக்கிறது. 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் நினைவுத்தூபி அது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டது. கேள்விப்பட்டதும் மாணவரும் ஊர்ச்சனமும் வாசலில் கூடிவிட்டார்கள். மாணவர் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாளிலேயே துணைவேந்தர் வந்து புதிதாக அடிக்கல் வைத்தார். ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது. ஒவ்வொரு வருடமும் நினைவு நாளான மே 18ஆம் திகதி அங்கே விளக்கேற்றுவார்கள், கஞ்சி கொடுப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமா படிக்கிறார்கள்?

இல்லை. முஸ்லிம் மாணவரும் சிங்கள மாணவரும் நிறையப் பேர், அதிலும் விஞ்ஞானம், பொறியியல், தொழினுட்பம் போன்ற பீடங்களில். இது புதிய விஷயமும் அல்ல. 1974இல் திறந்தபோதே சிங்கள மாணவர் இருந்தார்கள். 1977 இனக் கலவரத்தோடு போனார்கள். போர் முடிந்த பிறகு மறுபடி வந்தார்கள்.

எல்லாம் சுமுகம் என்று சொல்லமாட்டேன். 2016 ஜூலையில் விஞ்ஞான பீடத்துப் புதுமுக வரவேற்பு நிகழ்வில் சிங்கள மரபான கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த பிரச்சினை கைகலப்பில் முடிந்தது, பல்கலைக்கழகத்தை மூட வேண்டி வந்தது. ஆனால் எங்கள் முன்னறையில் ஒருமுறை குருநாகல் சிங்களப் பொடியன் ஒருவனும் வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருவனும் மூன்று வருடம் ஒன்றாக இருந்தார்கள். முதல் மாதம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசினார்கள். இறுதி வருடத்தில் வல்வெட்டித்துறைப் பொடியன் சிங்களத்தில் ஏச, குருநாகல் பொடியன் தமிழில் திருப்பி ஏசுவான். பட்டம் வாங்கிப் போகும்போது குருநாகல் தாய், அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

எப்படி அனுமதி கிடைக்கும்? செலவு எவ்வளவு?

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் வழி; பாடங்களுக்கிடையே ஒப்பிட வசதியாகச் சீராக்கிய புள்ளி அது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கைநூலில் பாடநெறிக்குப் பாடநெறி விதிவிலக்கு உண்டு, பொறுமையாக வாசியுங்கள். விருப்ப வரிசையை அண்ணா சொன்னார், ரியூசன் சேர் சொன்னார் என்று போடாதீர்கள்.

படிப்புக்குக் கட்டணம் இல்லை, அரச பல்கலைக்கழகம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மகாபொல உதவித்தொகை இருக்கிறது. அது வந்து சேரச் சில மாதம் பிந்தலாம், அதை நம்பி முதல் மாத வாடகையைத் தீர்மானிக்காதீர்கள்.

எந்த மொழியில் படிப்பு?

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில். கலைப்பீடத்தில் தமிழிலும் படிக்கலாம். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். இங்கேதான் ‘குப்பி’ கைகொடுக்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இதுதான் பெயர். பரீட்சை நெருங்கினால் எங்கள் விறாந்தையில் இரவு பதினொரு மணிக்கும் குப்பி நடக்கும். சீனியர் ஒருவர் சுவரில் சாய்ந்துகொண்டு பழைய வினாத்தாளை விளக்க, ஐந்தாறு பேர் பாயில் இருந்து எழுதுவார்கள். அம்மா பெரிய கேத்திலில் பிளேன்ரீ ஊற்றி வைத்துவிட்டுப் படுப்பார்.

பகிடிவதை இருக்கிறதா?

பெற்றோர் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். நான் சத்தமாகவே சொல்கிறேன். பகிடிவதை, அதாவது புதுமுக மாணவரைச் சீனியர்கள் துன்புறுத்துவது, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் போக வேண்டிய குற்றம். பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ என்றால் 10 வருடம் வரை. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாத நிலைதான் இன்றும். பேர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது விளையாட்டு என்பார்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், போனை எடுக்கப் பயந்தால் அது விளையாட்டு இல்லை. பீடத்திலோ மானியங்கள் ஆணைக்குழுவிலோ பொலிஸிலோ முறையிடுங்கள். “எல்லாரும் இதைத் தாண்டித்தான் வந்தது” என்று சொல்லும் உறவினரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

விடுதி இடம் எல்லாருக்கும் போதாது. மற்றவர்கள் திருநெல்வேலி, கொக்குவில், கலட்டிப் பக்கம் அறை எடுப்பார்கள்.

அறை பார்க்க வரும்போது கிணற்றைப் பாருங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று வீட்டுக்காரரிடம் நேரே கேளுங்கள். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து என்றும் கேளுங்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூட. சைக்கிள் விட இடம் இருக்கிறதா? முற்பணம் எத்தனை மாதம், விடுமுறை மாதத்துக்கும் வாடகை உண்டா? இதையெல்லாம் கேட்டால் கோபிக்கும் வீட்டில் பிள்ளையை விடாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கன்ரீன் இருக்கிறது. வெளியே இராமநாதன் வீதியில் போட்டோக்கொப்பிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் மாறி மாறி வரும். காலையில் இடியப்பம், சொதி, சம்பல், பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து. அறையில் சமைப்பவர்களுக்குத் திருநெல்வேலிச் சந்தை பக்கத்திலேயே. செம்மண் ஒட்டிய பீற்றூட்டும் வெங்காயமும் தோட்டத்திலிருந்து நேராக வரும்.

ஆய்வு என்று ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது, அதிகம் வெளியே தெரிவதில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் ஆனைக்கோட்டை. 1980களின் தொடக்கத்தில் இந்திரபாலா தலைமையில் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியில் ஒரு சின்ன முத்திரை கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து; ‘கோவேத’ என்று வாசித்தார்கள். கம்பஸிலிருந்து ஆனைக்கோட்டைக்குச் சைக்கிளில் போகலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிட்டத்தட்ட 97,000 நூல்கள் சாம்பலான பிறகு, ஊரில் ஆய்வு செய்பவர்களுக்கு மிஞ்சிய பெரிய புகலிடமும் பல்கலைக்கழக நூலகம்தான்.

சின்னத்தில் எழுதியிருக்கும் வாசகம் என்ன?

‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’. திருக்குறளில் 355, 423 ஆகிய இரண்டு குறள்களும் இப்படித்தான் முடிகின்றன. ஒன்று எப்பொருள் எத்தன்மைத்தாயினும் என்கிறது, மற்றது யார் வாயில் கேட்டாலும் என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் இந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

அங்கே படிக்கும் மாணவர் அல்லாதவர்களும் வந்து பார்க்கலாமா?

வாசலில் காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னால் போதும். கலையரங்கில் பொது நிகழ்வு இருக்கும் நாளில் வருவது இன்னும் நல்லது. யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலிருந்து பலாலி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறுங்கள், பரமேஸ்வராச் சந்தியில் இறங்குங்கள். ரயிலில் வருபவர்கள் கொக்குவிலில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். பின்னேரம் நாலரைக்கு வாருங்கள். விரிவுரை முடிந்து சைக்கிளும் ஸ்கூட்டியுமாக வெளியே வரும் நேரம், இராமநாதன் வீதி கால்மணி நேரத்துக்கு அசையாது.